எட்டு பார் ஆர்கன் இசை, நாற்பது விழுக்காடு உரிமை: ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாட்டின் பிறப்பும் வெற்றியும் வழக்கும்

1967 மே 12 அன்று பிரிட்டனில் வெளியான ஓர் இசைத்தட்டில் பாட்டை எழுதியவர்கள் என்று இருவர் பெயர் மட்டுமே இருந்தது. இசைக்குக் கேரி புரூக்கர், சொற்களுக்குக் கீத் ரீட். பாட்டின் பெயர் ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’. பாடிய ராக் குழுவின் பெயர் புரோக்கோல் ஹேரம். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2009 ஜூலை 30 அன்று, அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் அவை, அந்த இசையில் 40 விழுக்காடு மூன்றாவது ஒருவருக்குச் சொந்தம் என்று இறுதியாகத் தீர்த்தது. அவர் மேத்யூ ஃபிஷர். அந்தப் பதிவில் ஹேமண்ட் ஆர்கன் என்ற மின்சார விசைப்பலகைக் கருவியை வாசித்தவர்.

தீர்ப்பைப் பற்றிப் படிப்பவர்களிடம் இன்றும் சில கேள்விகள் எழுகின்றன. வாசித்தவர் எப்படி இயற்றியவர் ஆனார்? அப்படியென்றால் டிரம்ஸ் அடித்தவரும் கிட்டார் வாசித்தவரும் நாளை பங்கு கேட்கலாமா? 38 ஆண்டுகள் வழக்குப் போடாமல் இருந்தவருக்கு நீதிமன்றம் எப்படிக் கதவைத் திறந்தது? இவற்றுக்கு விடை சட்டப் புத்தகத்தில் பாதியும், அந்தப் பாட்டு உருவான விதத்தில் பாதியுமாக இருக்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு பாட்டுக்குள் இருக்கும் தனித்தனிச் சொத்துகள்

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வது நல்லது. நம் பத்திரிகைகள் ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல்லைப் புதிய கண்டுபிடிப்புகளுக்கும் பாட்டுக்கும் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. இங்கே பேசப்படுவது பதிப்புரிமை. அதாவது, ஒரு படைப்பை நகலெடுக்கவும், பொதுவில் இசைக்கவும், ஒலிபரப்பவும் யாருடைய அனுமதி வேண்டும், யாருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை. வானொலியில் நாம் கேட்கும் ஒரு பாட்டு, சட்டத்தின் கண்ணுக்கு ஒரே பொருள் அன்று:

1. சொற்கள். இவை இலக்கியப் படைப்பாகக் கருதப்படும், எழுதியவருக்கு உரியவை.
2. இசையமைப்பு. மெட்டும் அதோடு சேர்ந்த இசைக்கட்டும் இதில் அடங்கும், இயற்றியவருக்கு உரியது.
3. ஒலிப்பதிவு. ஸ்டுடியோவில் ஒரு குறிப்பிட்ட நாளில் பதிவான அந்த ஒலி. பெரும்பாலும் பதிவுக்குச் செலவு செய்த நிறுவனத்தின் கையில் இருக்கும்.

வாசித்தவருக்கு ஊதியமோ பதிவின் விற்பனையில் ஒரு பங்கோ கிடைக்கலாம். அது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஆனால் வேறொருவர் அதே பாட்டைப் புதிதாகப் பாடி வெளியிட்டால், பழைய பதிவில் வாசித்தவருக்கு ஒரு காசும் வராது, இயற்றியவருக்கு வரும். இந்தப் பாட்டை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்கள் மீண்டும் பாடியும் வாசித்தும் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், வாசித்தவர் பட்டியலிலிருந்து இயற்றியவர் பட்டியலுக்கு ஒரு பெயர் மாறுவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும். ஃபிஷர் ஒலிப்பதிவில் பங்கு கேட்கவில்லை. இரண்டாம் எண்ணில் உள்ள சொத்தில்தான் கேட்டார்.

சொல் முதலில், மெட்டு பிறகு

நம் திரைப்பாட்டில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், வரிகள் அதற்குள் உட்காரும். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. கீத் ரீட் இசைக்கலைஞர் அல்லர், கவிதை எழுதுபவர். ஒரு விருந்தில் யாரோ ஒரு பெண்ணைப் பார்த்து, உன் முகம் வெளுத்து, வெளுப்பிலும் வெளுப்பாகிவிட்டது என்ற பொருளில் சொன்ன ஒரு சொற்றொடர் அவர் காதில் விழுந்தது. வெளிறிய முகத்துக்கு மேலும் ஒரு படி வெளுப்பு என்ற அந்த விசித்திரமான கணக்கே பாட்டின் தலைப்பாயிற்று. மீதிச் சொற்களை அதைச் சுற்றி அவர் கட்டினார். ஒரு நடனக்கூடம், தலைசுற்றல், கூரை பறந்துபோவது போன்ற மயக்கம், தட்டோடு வரும் பணியாள், கதை சொல்லும் ஒரு மில்காரன் என்று காட்சிகள் கோவையில்லாமல் வந்து விழும். மில்காரனைக் கண்டதும் இங்கிலாந்தின் இடைக்காலக் கவி சாசரைப் பலர் தேடிப் போனார்கள்; சாசரின் ‘மில்காரன் கதை’யைத் தான் படித்ததே இல்லை என்று ரீட் சொன்னார். எழுதியது நான்கு சரணங்கள். பதிவில் இடம்பெற்றவை இரண்டு.

அந்தச் சொற்களுக்கு இசை அமைத்தவர் கேரி புரூக்கர். இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில் சவுத்எண்ட் என்ற கடற்கரை ஊரில் ‘தி பேரமவுண்ட்ஸ்’ என்ற குழுவில் பாடிக்கொண்டும் பியானோ வாசித்துக்கொண்டும் இருந்தவர். அந்நாளில் ஒரு சுருட்டு விளம்பரத்தில், ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக் இயற்றிய ‘ஏர்’ என்ற பகுதியை பிரெஞ்சுக் கலைஞர் ஜாக் லூசியே ஜாஸ் பாணியில் வாசித்தது ஒலித்துக்கொண்டிருந்தது. அதன் பாதிப்பு தன் மெட்டில் உண்டு என்பதைப் புரூக்கர் மறைத்ததில்லை. பியானோவில் அவர் அமைத்த அடித்தளம் படிப்படியாக இறங்கும் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஸ்வரவரிசை. நம் ஸ்வரங்களில் சொன்னால் ச-நி-த-ப-ம-க-ரி-ச என்று, சங்கராபரணத்தின் அவரோகணத்தை ஒருவர் நிதானமாக இறங்குவது போல. பாக்கின் ‘ஏர்’ பகுதியிலும் பேஸ் இப்படித்தான் படியிறங்கத் தொடங்கும்.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். 1967 மார்ச் 7 அன்று புரூக்கரும் ரீடும் பாட்டின் பதிப்புரிமையை எசெக்ஸ் மியூசிக் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அப்போது கையில் இருந்தது புரூக்கர் பியானோவில் வாசித்துப் பாடிய மாதிரிப் பதிவு மட்டுமே. ஃபிஷர் அந்தப் பாட்டில் விரல் வைப்பதற்கு முன்பே காகிதம் முடிந்துவிட்டது. பின்னாளில் வழக்கு முழுவதும் இந்த வரிசையில்தான் சுழன்றது.

ஃபிஷர் சேர்த்தது என்ன?

அந்த மாதமே மேத்யூ ஃபிஷர் குழுவில் சேர்ந்தார். ஒத்திகைகளில், புரூக்கரின் இறங்கும் பேஸுக்கு மேலே ஆர்கனில் ஒரு தனி இராகவடிவத்தை அவர் உருவாக்கினார். எட்டு பார் நீளம். (மேலைத்தாளத்தில் ஒரு சுற்றைச் சென்னை ஸ்டுடியோக்களிலும் ‘பார்’ என்றே சொல்கிறார்கள், இங்கே ஒரு பார் நான்கு அடி.) பதிவில் அது மூன்று விதமாக வருகிறது: பாடல் தொடங்குவதற்கு முன் முன்னிசையாக, சரணங்களுக்கு நடுவே இடையிசையாக, கடைசியில் ஒலி மெல்ல மங்கும்போது முடிவிசையாக. இவை போக, புரூக்கர் பாடும்போதும் குரலுக்கு அடியில் ஆர்கன் எதிர்மெட்டாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதல் பாரை மட்டும் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். ஆர்கன் காந்தாரத்தில் நின்றுவிடுகிறது. மேலே எதுவும் அசையாது. அடியில் பேஸ் மட்டும் சட்ஜத்திலிருந்து நிஷாதத்துக்கு இறங்குகிறது. மேல் ஸ்வரம் அதே இடத்தில் இருக்க, அதன் நிறம் மாறுவது போல ஒரு மயக்கம் காதில் ஏற்படுகிறது. நின்ற ஸ்வரம் பிறகுதான் அவிழ்ந்து சிறு சிறு வளைவுகளாக இறங்குகிறது. நீண்ட காந்தாரத்தில் தொடங்கும் இந்த உத்தியும் பாக்கின் ‘ஏர்’ பகுதியில் உண்டு. ஆனால் காந்தாரம் அவிழ்ந்த கணத்திலிருந்து ஃபிஷரின் வழி வேறு, பாக்கின் வழி வேறு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் இது எவருக்கும் தெரியும். பாட்டு அப்படியே பாக்கின் திருட்டு என்று சொல்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்து பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

மனிதக் குரல் வருவதற்கு முன் ஏறக்குறைய 25 விநாடிகள் இந்த ஆர்கன் மட்டும் பேசுகிறது. பாட்டின் பெயர் தெரியாதவர்களும் முனகிக் காட்டுவது இந்த 25 விநாடிகளைத்தான்.

வெற்றி எப்படி வந்தது?

பதிவு நடந்தது லண்டனின் பார்ன்ஸ் பகுதியில் இருந்த ஒலிம்பிக் ஸ்டுடியோவில். தயாரிப்பாளர் டென்னி கார்டெல். டிரம்ஸ் வாசித்த பில் ஈடன் குழுவின் உறுப்பினர்கூட அல்லர். அந்தப் பதிவுக்காகக் கூலிக்கு அழைக்கப்பட்டவர். நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் அந்தப் பாட்டு, வானொலிக்கு மூன்று நிமிடமே எல்லை என்றிருந்த அந்நாளில் நீளமானதாகவே கருதப்பட்டது.

அன்று பிரிட்டனில் நிலத்திலிருந்து வானொலி நடத்தியது பிபிசி மட்டுமே. இசைத்தட்டுகளை ஒரு நாளில் எவ்வளவு நேரம் போடலாம் என்பதற்கும் அதற்குக் கட்டுப்பாடு இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பியவை கரைக்கு அப்பால், நாட்டின் சட்ட எல்லைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த உரிமமில்லாக் கப்பல் வானொலிகள். அவற்றில் ஒன்றான ரேடியோ லண்டனுக்குக் கார்டெல் மாதிரித் தட்டு ஒன்றை அனுப்பினார். கேட்டவர்களின் உற்சாகம் டெக்கா நிறுவனத்தின் டெராம் முத்திரையில் தட்டை விரைவாக வெளிக்கொண்டுவர உதவியது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ஒரு சட்டம் இக்கப்பல்களை ஏறக்குறைய முழுவதுமாக மௌனமாக்கியது. அந்தச் சட்டம் நான்கு மாதம் முன்னதாக வந்திருந்தால் இந்தப் பாட்டு இவ்வளவு வேகமாகக் கிளம்பியிருக்குமா என்பது சந்தேகமே.

ஜூன் 8 அன்று அது பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்து ஆறு வாரம் அங்கேயே இருந்தது. ஜூலையில் அதை இறக்கியது பீட்டில்ஸ் குழுவின் ‘ஆல் யூ நீட் இஸ் லவ்’. அமெரிக்காவில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. 1972இல் மறுவெளியீடு கண்டு மீண்டும் பிரிட்டன் பட்டியலில் 13ஆம் இடத்தைத் தொட்டது. 1977இல் பிரிட்டனின் இசைத்தொழில் அமைப்பு, முந்தைய 25 ஆண்டுகளின் சிறந்த பிரிட்டிஷ் பாப் தட்டாக இதையும் குயின் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’யையும் கூட்டாகத் தேர்ந்தெடுத்தது. 2009இல், வழக்கு முடிந்த அதே ஆண்டில், முந்தைய 75 ஆண்டுகளில் பிரிட்டனின் பொது இடங்களில் மிக அதிகமாக ஒலித்த பதிவு இதுவே என்ற அறிவிப்பும் வந்தது. விருதுகளைவிட இந்தக் கடைசிச் செய்தியே வழக்குக்கு முக்கியம். பொது இடத்தில் ஒரு பாட்டு ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் இயற்றியவருக்கு ராயல்டி சேர்கிறது.

காரணம் என்ன என்று கேட்டால், என் மதிப்பீட்டில் சொற்களின் புதிர்த்தன்மைக்கு இரண்டாம் இடமே. அக்கோடையில் புதிர்ச்சொல் பாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. தேவாலயத்தில் கேட்பது போன்ற ஆர்கன், ஆன்மாவை உருக்கும் கறுப்பின ‘சோல்’ பாணியில் பாடும் ஒரு குரல், இரண்டும் ஒரே தட்டில் கலந்தது அதுவரை எவரும் கேட்காதது. குரல் புரூக்கருடையது, ஆர்கன் ஃபிஷருடையது. வழக்கின் சாரமும் இந்தக் கலவையைப் பிரிக்க முடியுமா என்பதுதான்.

வழக்கு

பங்கு பற்றித் தான் 1967லேயே பேச்செடுத்ததாகவும், மற்ற இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் ஃபிஷர் சொன்னார். வற்புறுத்தினால் குழுவிலிருந்து வெளியேற்றப்படுவோமோ என்ற அச்சமும் இருந்தது. 1969இல் அவர் குழுவை விட்டு விலகினார். பின்னர் கணினி நிரலாக்கம் கற்று அத்தொழிலில் இருந்தார். 1991இல் குழு மீண்டும் கூடியபோது சேர்ந்துகொண்டார். வழக்குத் தொடுத்தது 2005 மே 31 அன்று. எதிர்த்தரப்பில் புரூக்கரும், எசெக்ஸ் மியூசிக்கின் உரிமையைப் பெற்றிருந்த ஆன்வர்ட் மியூசிக் நிறுவனமும் இருந்தனர். ரீடின் சொற்களில் ஃபிஷர் எதுவும் கேட்கவில்லை.

வழக்கு மூன்று நீதிமன்றங்களைக் கடந்தது. ஒவ்வொன்றிலும் என்ன கேள்வி நின்றது என்பதைப் பிரித்துப் பார்த்தால் தீர்ப்பு எளிதாகப் புரியும்.

1. சேர்த்தது வாசிப்பா, படைப்பா?

2006 டிசம்பர் 20 அன்று தீர்ப்பளித்த உயர் நீதிமன்ற நீதிபதி பிளாக்பர்ன், கேம்பிரிட்ஜில் சட்டத்தோடு இசையும் பயின்றவர். ஆர்கன் தனியிசை, புரூக்கரின் பியானோவில் ஏற்கெனவே இருந்ததன் விரிவாக்கம் மட்டுமே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. இறங்கும் பேஸும் பாக்கின் சாயலும் புரூக்கர் கொண்டுவந்தவை என்பதை நீதிபதி மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தளத்தின் மேல் எழுந்த மெட்டு வேறு. அது முழுப்பாட்டுக்கும் குறிப்பிடத்தக்க, தனித்துத் தெரியும் பங்களிப்பு. அதை உருவாக்கத் திறனும் உழைப்பும் தேவைப்பட்டிருக்கின்றன என்று அவர் கண்டார். ஸ்வரக்குறிப்பாகக் காகிதத்தில் எழுதியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஒலிப்பதிவிலேயே இசை நிலைபெற்றுவிடுகிறது.

இந்த இடத்தில் நீதிபதி செய்த ஒரு பிரிவினைதான் வழக்கின் திருப்புமுனை. மார்ச் 7 அன்று எழுதிக் கொடுக்கப்பட்ட பாட்டு ஒன்று. ஸ்டுடியோவில் ஆர்கனோடு பதிவானது அதிலிருந்து கிளைத்த வேறொரு படைப்பு. முதலாவதில் ஃபிஷருக்கு இடமில்லை. இரண்டாவதில் அவர் கூட்டுப் படைப்பாளி. உலகம் கேட்டதும் வாங்கியதும் மறுபடி பாடியதும் இரண்டாவதைத்தான்.

2. எவ்வளவு பங்கு?

ஃபிஷர் இசையில் பாதி கேட்டார். அவருடைய பங்களிப்பு கணிசமானது, ஆனால் புரூக்கருடையதைவிடச் சற்றுக் குறைந்தது என்று கருதிய நீதிபதி 40 விழுக்காடு கொடுத்தார். இதற்கு வாய்பாடு ஏதும் கிடையாது. இது நீதிபதியின் காதும் அறிவும் சேர்ந்து செய்த மதிப்பீடு. பாட்டு வருமானத்தைச் சொல்லுக்கும் இசைக்கும் சரிபாதியாகப் பிரிக்கும் வழக்கப்படி பார்த்தால், இசையில் 40 என்பது முழுப்பாட்டில் 20 ஆகும். செய்திகளில் ‘பாட்டில் 40 விழுக்காடு’ என்று வருவது தவறு.

3. இவ்வளவு காலம் ஏன் சும்மா இருந்தார்?

2008 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, ஃபிஷர் கூட்டுப் படைப்பாளி என்பதை ஏற்றது. ஆனால் 38 ஆண்டுத் தாமதம் மன்னிக்க முடியாதது, ஆகவே காசு கிடையாது என்றது. பெயர் உண்டு, பணம் இல்லை. இந்த நிலையில்தான் வழக்கு பிரபுக்கள் அவைக்குப் போனது.

ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதை மாற்றினார்கள். முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நியூபெர்கர் பிரபு. வாதத்தின் கட்டு இதுதான்: பதிப்புரிமை ஒரு சொத்து. அது தன்னுடையது என்று கோருவதற்குப் பிரிட்டிஷ் சட்டத்தில் காலக்கெடு எதுவும் வகுக்கப்படவில்லை. தாமதத்தைக் காட்டி ஒருவரது உரிமையைத் தடுக்க வேண்டுமானால், அந்த மௌனத்தை நம்பி எதிர்த்தரப்பு ஏதேனும் செய்து அதனால் நட்டப்பட்டிருக்க வேண்டும். இங்கே நட்டப்பட்டவர் யார்? ஃபிஷர் பேசாமல் இருந்த 38 ஆண்டுகளும் இசைக்குரிய ராயல்டி முழுவதையும் எதிர்த்தரப்பே அனுபவித்தது. தாமதம் அவர்களுக்குத் தந்தது இலாபம். இலாபம் பெற்றவர் தாமதத்தைக் காரணம் காட்டி உரிமையைப் பறிக்கக் கேட்பது எடுபடவில்லை. அறுபதுகளை நினைவில் வைத்திருப்பவர்களில் தானும் ஒருத்தி என்றும், அந்த ஆர்கன் பகுதியைப் படைத்தவருக்கு உரிய அங்கீகாரம் கிடைத்ததில் மகிழ்ச்சி என்றும் நீதிபதி பரோனஸ் ஹேல் தன் குறிப்பில் எழுதினார். பிரபுக்கள் அவை நீதிமன்றமாக இயங்கிய கடைசிக் கட்டம் அது. 2009 அக்டோபரில் அப்பொறுப்பு புதிய உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

4. பழைய பாக்கி?

அது கிடையாது. வழக்குத் தொடுக்கும் நாள்வரை மற்றவர்கள் அந்த இசையைப் பயன்படுத்திக்கொள்ள ஃபிஷர் சொல்லாமலே அனுமதித்திருந்தார் என்று கொள்ளப்பட்டது. அந்த அனுமதி 2005 மே 31 அன்றுதான் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே கணக்கு அந்த நாளிலிருந்தே தொடங்கும். 1967ஆம் ஆண்டின் ஆறு வார முதலிடமும், ஒரு கோடி என்று பேசப்படும் தட்டு விற்பனையும், அடுத்து வந்த மறுபதிவுகளின் 2005 வரையிலான ராயல்டியும் ஃபிஷரின் கணக்கில் இல்லை.

எல்லா வாசிப்பும் படைப்பாகிவிடுமா?

தீர்ப்பு வந்ததும் புரூக்கர் தரப்பு எழுப்பிய அச்சம் இதுவே: பதிவில் வாசித்த எவரும் இனி பங்கு கேட்டு வரலாம். சட்டம் அவ்வளவு தாராளமானது அன்று. இரு வழக்குகளை எடைபோட்டால் கோடு எங்கே விழுகிறது என்பது தெரியும்.

ஸ்பாண்டவ் பேலே குழுவின் மூன்று உறுப்பினர்கள், பாட்டுகளை எழுதிய கேரி கெம்ப் மீது தொடுத்த வழக்கில் 1999இல் தோற்றார்கள். சாக்ஸபோன் தனியிசை உட்பட அவர்கள் சேர்த்தது, எழுதி முடிந்த பாட்டை நிகழ்த்திக் காட்டும் வேலை என்றே நீதிமன்றம் கருதியது. மாறாக, ‘தி புளூபெல்ஸ்’ குழுவின் ‘யங் அட் ஹார்ட்’ பாட்டில் கூலிக்கு வந்து வயலின் வாசித்த பாபி வேலண்டினோ, 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றார். 1984இல் பதிவான அந்தப் பாட்டு 1993இல் ஒரு கார் விளம்பரத்தின் வழியாக மறுபிறவி எடுத்து முதலிடம் பிடித்தது. பாட்டு முழுவதும் திரும்பத் திரும்ப வரும் அந்த வயலின் மெட்டு அவர் இயற்றியது என்பதே காரணம்.

ஆக, நீதிமன்றம் பார்ப்பது ஆளின் பதவியையோ பெற்ற கூலியையோ அல்ல. சேர்க்கப்பட்டதைத் தனியே எடுத்துக் கேட்டால் அது ஓர் இராகவடிவமாக நிற்கிறதா, அதை நீக்கினால் பாட்டு வேறொன்றாகிவிடுமா என்பதைப் பார்க்கிறது. ‘எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பதிவில் பில் ஈடனின் டிரம்ஸ் அருமையானது. அதை நீக்கினால் பாட்டு மெலியும், வேறு பாட்டாகிவிடாது. ஆர்கனை நீக்கினால் மிஞ்சுவது மார்ச் 7ஆம் நாள் பாட்டு.

நம் திரையிசையில் இந்தக் கேள்வி அரிதாகவே எழுகிறது. முன்னிசை, இடையிசை எல்லாவற்றையும் இசையமைப்பாளரே எழுதிக் கொடுத்து, கலைஞர்கள் அதைப் பார்த்து வாசிப்பது அங்கே பொது வழக்கம். ராக் குழுவில் அப்படி எழுதிக் கொடுப்பவர் இல்லை. ஒத்திகை அறையில் ஒருவர் ஒன்றைத் தொடங்க, இன்னொருவர் அதன்மேல் ஏற்றுவார். யாருடையது எங்கே முடிகிறது என்பதை அன்று மாலை எவரும் எழுதி வைப்பதில்லை. ஆர்.இ.எம்., கோல்ட்பிளே போன்ற குழுக்கள் பாட்டுகளில் எல்லா உறுப்பினர் பெயரையும் சேர்த்தே போட்டது இந்தச் சிக்கலை முளையிலேயே கிள்ளும் ஒரு வழி. கூலிக்கு வாசிக்க வருபவரிடம் இயற்றும் உரிமை கோரமாட்டேன் என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்குவது இன்னொரு வழி. பணம் கொடுப்பவருக்கு இது வசதி, வாசிப்பவருக்கு அன்று.

பாக்கின் பங்கும் காலக்கணக்கும்

பாக் 1750இல் காலமானவர். அவர் இசை எவருக்கும் பொதுச்சொத்து. எனவே அவரிடமிருந்து எடுத்தது எவ்வளவாக இருந்தாலும் அதற்கு யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை. அதேபோல, எடுத்த பகுதிக்கு யாரும் உரிமை கொண்டாடவும் முடியாது. சட்டம் கேட்கும் ‘தற்சொந்தம்’ என்பது இதுவரை உலகில் இல்லாத புதுமை என்ற பொருளில் இல்லை. பிறரிடமிருந்து அப்படியே நகலெடுக்காமல், தன் திறனையும் உழைப்பையும் இட்டு உருவாக்கியிருந்தால் போதும் என்பதே வழக்கு நடந்த காலத்து அளவுகோல். பாக்கின் சாயலை மட்டும் வைத்து ஃபிஷரின் பங்கைத் தள்ள முயன்றிருந்தால், அதே கத்தி புரூக்கரின் பேஸ் மீதும் விழுந்திருக்கும்.

கடைசியாக ஒரு விளைவு, செய்திகளில் அதிகம் பேசப்படாதது. பிரிட்டனில் பதிப்புரிமை, படைத்தவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டுகள் நீடிக்கும். கூட்டாகப் படைத்திருந்தால் அவர்களில் கடைசியாக இறப்பவரின் ஆண்டே கணக்கு. ஒன்றுக்காக ஒன்று எழுதப்பட்ட சொல்லையும் இசையையும் 2013 முதல் இவ்விஷயத்தில் ஒரே கூட்டுப் படைப்பாகவே பார்க்கிறார்கள். புரூக்கர் 2022 பிப்ரவரியிலும் ரீட் 2023 மார்ச்சிலும் காலமானார்கள். இருவர் மட்டுமே எழுதியவர்களாக இருந்திருந்தால் உரிமை 2093 இறுதியில் முடிந்துவிடும். ஆர்கனோடு உலகம் அறிந்த அந்தப் பதிவின் இசைக்கோ மூன்றாவது ஓர் ஆயுளும் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஃபிஷர் எவ்வளவு காலம் வாழ்கிறாரோ அதற்கேற்ப, வழக்கில் எதிரே நின்ற புரூக்கரின் வாரிசுகளுக்கும் 60 விழுக்காட்டுக்கான ராயல்டி நீண்டுகொண்டு போகும்.